ஈரத்துணிக் கணக்கு

ஈரத் துணி பொய் சொல்லாது என்று அலுவலகத்தில் முதலில் சொன்னவள் நான்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அப்படி இருந்தால் நான் நானாக இருக்க மாட்டேனே.

நகரமைப்பு அலுவலகத்தில் எனக்கு வரைபட வேலை. பழைய நகரம் முழுவதும் என் மேஜைமேல் பதினான்கு வருடமாக விரிந்து கிடக்கிறது. நாற்பத்தொரு சந்துகள், ஓர் ஆறு, ஒரு மணிக்கூண்டு, எந்தத் திசையிலும் நேராகப் போகத் தெரியாத மதில். அந்த மதிலைப் பார்க்கத்தான் உலகம் திரண்டு வருகிறது. வரட்டும். அவர்கள் வராத காலத்தையும் பார்த்திருக்கிறேன். அப்போது கூரைகள் ஒவ்வொன்றாகப் பொத்தலாகி, புறாக்கள் உள்ளே குடும்பம் நடத்தின. அவர்கள் வந்த பிறகு கூரை வந்தது, குழாய் வந்தது, எனக்குச் சம்பளமும் ஒழுங்காக வந்தது. கூடவே விடுதிகளும் வந்தன. ஒரு வீடு விடுதியானால் பக்கத்து வீடு சும்மா இருக்குமா? சளி தொற்றுவதுபோல வரிசையாகத் தொற்றிக்கொண்டது.

அதனால் அலுவலகம் ஒரு முடிவுக்கு வந்தது. ஒவ்வொரு சந்துக்கும் ஒரு நிறம். மஞ்சள் என்றால் குடியிருப்பவர்களின் சந்து. அங்கே வாசல்வரை வண்டி வரலாம், புதிதாக விடுதி திறக்க முடியாது. நீலம் என்றால் வருகிறவர்களின் சந்து. அங்கே புதுக் கல் பாவுவார்கள், அழகான விளக்குகள் வைப்பார்கள், சந்தின் வாயில் சங்கிலி போடுவார்கள். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை ஒரு சக்கரமும் உள்ளே உருளக் கூடாது. மூன்றில் இரண்டு பங்கு வீடுகளில் ஆள் குடியிருந்தால் மஞ்சள், குறைந்தால் நீலம். பதினாறு வாசல் உள்ள சந்துக்குப் பதினோரு வீடு வேண்டும்.

எந்த வீட்டில் ஆள் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கதவைத் தட்டிக் கேட்டால், விடுதிக்காரர்கள் "நாங்கதான் குடும்பத்தோட இருக்கோம்" என்று சத்தியம் செய்தார்கள். நிஜமாகக் குடியிருந்தவர்களோ, கழிவறை கேட்டு வந்த சுற்றுலாப் பயணி என்று நினைத்துக் கதவையே திறக்கவில்லை. அப்போதுதான் நான் சொன்னேன். விடுதி விரிப்புகள் மூட்டையாக வேன் ஏறி வெளியே சலவைக்குப் போகின்றன. வீட்டில் இருப்பவர்கள்தான் ஜன்னலுக்கு வெளியே கொடியில் காயப்போடுகிறார்கள். மூன்று நாள், காலை பத்து மணிக்கு, அண்ணாந்து பார்த்தால் போதும். துணி சொட்டினால் வீட்டில் ஆள் உண்டு.

எங்கள் தலைமைப் பொறியாளரைச் 'சிவப்பு மை' என்றுதான் முதுகுக்குப் பின்னால் சொல்வோம். கையில் கிடைத்த எதையும் சிவப்புப் பேனாவால் திருத்துவார். கல்யாணப் பத்திரிகை கொடுத்தாலும் பிழை திருத்தித் திருப்பிக் கொடுப்பார். அவர் என் குறிப்பைப் படித்துவிட்டு ஒரு புள்ளிகூட வைக்காமல் கையெழுத்துப் போட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று வாரம் அண்ணாந்தபடியே நடந்தேன். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் தரையில் நடந்த மாதிரி இல்லை. காலையில் ஆற்றிலிருந்து மூடுபனி எழுந்து சந்துகளுக்குள் தவழ்ந்து வரும். பத்து மணிக்கு அது கரையும்போது, மேலே முதலில் ஒரு கை தெரியும், பிறகு ஒரு காலர், பிறகு ஒரு குழந்தைச் சட்டையின் பொத்தான்கள். ஆளில்லாத உடைகள் காற்றில் ஒன்றை ஒன்று தொட்டுக்கொள்ளும். துளி ஒன்று என் நெற்றியில் விழும். 'நன்றி, குறித்துக்கொண்டேன்' என்று மனதுக்குள் சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்கு நகர்வேன். என் குடியிருப்பு ஊருக்கு வெளியே, ஏழாவது மாடி. அங்கே தூங்கும்போது கனவில் அந்தச் சட்டைகள் கொடியை விட்டிறங்கி, கைகோத்துக்கொண்டு ஆற்றங்கரைப் பக்கம் நடந்து போகும். நான் பின்னாலேயே எண்ணிக்கொண்டு போவேன். எண்ணிக்கை ஒருநாளும் முடிந்ததில்லை.

வளைவுச் சந்தில் என் அக்கா வீடு இருக்கிறது. பன்னிரண்டாம் எண். அங்கே மூன்று நாளும் கொடி காலியாக இருந்தது. என் சொந்த அக்கா இருபத்திரண்டு வருடமாக அந்த வீட்டில் குடியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாதா? அங்கேதான் நான் ஞாயிறுதோறும் மூக்குப் பிடிக்கச் சாப்பிடுகிறேன். ஆனாலும் பன்னிரண்டுக்கு நேரே, ஆளில்லை என்று சுழி போட்டேன். விதி என்றால் விதி. சொந்தக்காரிக்குச் சலுகை காட்டினாள் என்று நாளைக்கு ஒருவன் வாய் திறக்கக் கூடாது. ஒரு வீடு குறைந்தால் என்ன, மற்ற வீடுகள் போதும் என்றுதான் நினைத்தேன். அந்தச் சுழியை அவ்வளவு வட்டமாக, அழகாகப் போட்டேன்.

மொத்தம் கூட்டியபோது வளைவுச் சந்துக்கு ஐந்து. ஐந்தே ஐந்து. ஒட்டியுள்ள விளக்குச் சந்துக்குப் பன்னிரண்டு. மேஜையில் நீலப் பென்சிலை வைத்துவிட்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது.

இந்த நீலம் அக்காவுக்கு என்ன செய்யும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். லாரி ஓட்டி உலகத்தைச் சுற்றியவர். இப்போது அவருடைய இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. செவ்வாய், வியாழன், சனி ஆஸ்பத்திரி வேன் வாசலுக்கே வந்து அவரை ஏற்றிக்கொண்டு போகும். நாலு மணி நேரம் இயந்திரத்தில் கிடந்துவிட்டு வருகிற மனுஷன், வீட்டுக்குள் கட்டிலுக்கு நடக்கவே சுவரைப் பிடிப்பார். வேன் படியிலிருந்து வாசல்படிக்கு நாலு அடி. சந்தின் வாயிலிருந்து என்றால் நூற்றெண்பது அடி, அதுவும் ஏற்றம். என் வரைபடத்தில் நானே அளந்து எழுதிய ஏற்றம். சங்கிலி விழுந்தால் அவர்கள் வீட்டைக் காலி செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

"நோயாளி இருக்கற வீட்டுக்கு மட்டும் விதிவிலக்கு கொடுக்கலாமே சார்," என்று சிவப்பு மையிடம் கேட்டுப் பார்த்தேன்.

"போன வருஷம் மதில் தெருவுல ஒருத்தருக்குக் கொடுத்தோம். மாசக் கடைசில நாப்பது பெட்டி தூக்கற விடுதி வண்டிக்கு டாக்டர் சீட்டு வந்துது. பெட்டிக்கெல்லாம் மூட்டு வலியாம்." அவர் சிரிக்கவில்லை. "பதினஞ்சு நாள் ஆட்சேபணைக்கு டைம் இருக்கும்மா. எண்ணிக்கை தப்புன்னு நிரூபிச்சா மாத்தலாம். எண்ணினது நீங்கதானே?"

அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போனேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். என் தப்பை மறைக்கக் கோபம்தான் எனக்குக் கைகொடுக்கும்.

"ஏன்க்கா துணியை வெளிய காயப்போடறதில்ல?" உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாகக் கேட்டேன்.

அடுக்களையில் குறுக்கே கயிறு கட்டி, அதில் மாமாவின் சட்டைகளும் விரிப்புகளும் தொங்கின. குனிந்து குனிந்துதான் அக்காவிடம் போய்ச் சேர வேண்டியிருந்தது. மூலையில் கொக்கி வைத்த நீளக் கழி தூசி பிடித்துச் சாய்ந்திருந்தது. அந்தச் சந்தில் கொடிகள் ஒரு ஜன்னலிலிருந்து எதிர்ச் சுவருக்குக் குறுக்கே ஓடும். கைக்கு எட்டாத துணியை இழுக்க எல்லா வீட்டிலும் அந்தக் கழி உண்டு.

 அக்கா இழுப்பறையிலிருந்து ஒரு தபால் அட்டையை எடுத்து என் முன் போட்டாள். அழகான படம். மஞ்சள் வெயில், பழைய சுவர், குறுக்கே ஒரு கொடி. கொடியின் நடுவில் ஓர் ஊதா நைட்டி காற்றில் உப்பிக்கொண்டு நின்றது. முதுகில் மாமாவின் கட்டம் போட்ட சட்டைத் துணியால் ஒட்டுப் போட்டிருந்தது.

"இது..."

"என்னுதுதான்," என்றாள் அக்கா. "மணிக்கூண்டுல என் டிக்கெட் கூண்டுக்குப் பக்கத்துலயே ஸ்டாண்டு போட்டு விக்கறாங்க. நாள் பூரா டிக்கெட் கிழிச்சுக் கொடுத்துட்டு அதையே பாத்துட்டு உக்காந்திருக்கேன். வர்றவன் போறவன் எல்லாம் 'என்ன அழகு'ன்னு வாங்கறான். என் ஒட்டுத் துணி எத்தனை நாட்டுக்குப் போயிருக்கு தெரியுமா? நான் பக்கத்து ஊரைத் தாண்டினதில்ல."

உள்ளறையில் படுத்திருந்த மாமா குரல் கொடுத்தார். "நான்கூடப் பாக்காத நாடுங்க அதுல சிலது."

"நீங்க சும்மா இருங்க." அக்கா என்னிடம் திரும்பினாள். "அன்னிலேர்ந்து இந்தச் சந்துல பாதிப் பேருக்கு மேல உள்ளதான் காயப்போடறோம். நம்ம துணி நமக்கு மட்டும் தெரிஞ்சா போதும்."

நீலப் பென்சில் செய்த வேலையை அப்போதுதான் சொன்னேன். அக்கா முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல் ஒரு ஈரச் சட்டையைப் பார்த்துச் சொன்னேன். அவள் அந்தச் சட்டையை ஒதுக்கிவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"நம்ம வீட்டுக்கு நேரா சுழி போட்டியா? நீயே?"

"மூணு நாளும் கொடி காலியா இருந்துச்சே..."

"காலியா இருந்தா என் வீட்டுல நான் இல்லன்னு ஆயிடுமாடி? போன ஞாயித்துக்கிழமை யார் போட்ட சோத்தைத் தின்ன?"

 அக்கா ஒதுக்கிய சட்டையைக் கயிற்றில் சரிசெய்துவிட்டு, அடங்கிய குரலில் சொன்னாள், "விளக்குச் சந்துல பன்னெண்டுன்னு எழுதினியே. நாளைக்குக் காலைல ஒன்பதரைக்கு அங்க போய் நில்லு."

போய் நின்றேன். அன்று மூடுபனி அடர்த்தி. ஒரு தூணோரம் ஒதுங்கி நின்றபோது, சந்தின் மறுகோடியிலிருந்து 'சொள சொள' என்று சத்தம் வந்தது. விடுதிச் சீருடை போட்ட ஒரு மனிதன் கையில் பூவாளியோடு வந்தான். ஏணியைச் சாத்தினான். ஏறினான். கொடியில் தொங்கிய ஒரு மஞ்சள் சட்டைக்கு, செடிக்கு ஊற்றுவதுபோல நிதானமாகத் தண்ணீர் ஊற்றினான். அடுத்தது ஒரு சிவப்புப் பாவாடை. பிறகு மூன்று குழந்தைக் காலுறைகள். ஜோடி சேராத மூன்று. பனிக்குள் அவன் மேலேறுவதும் இறங்குவதும் எனக்குக் கனவின் தொடர்ச்சியாகவே இருந்தது. நான் மூன்று நாளும் நன்றி சொல்லிய துளிகள் அவை.

"எதுக்குங்க தண்ணி ஊத்தறீங்க?" என்று கேட்டேன்.

"சொட்டினாத்தான் படம் நல்லா வருதாம்," என்றான் அவன், அப்பாவியாக. "விருந்தாளிங்களுக்கு நிஜத் தெரு மாதிரி இருக்கணும்னு முதலாளி சொல்லிருக்கார். ஒன்பது வீட்டுல எங்க நாலு விடுதி, எல்லாம் ஒரே முதலாளி. ஒன்பது வீட்டுக் கொடிக்கும் நான்தான் தண்ணி."

அவன் முகத்தில் கள்ளமில்லை. வேலையைச் சுத்தமாகச் செய்கிற ஆள். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

அலுவலகத்துக்கு ஓடிப்போய் எல்லாவற்றையும் சிவப்பு மையிடம் கொட்டினேன். பூவாளி, தபால் அட்டை, ஒன்பது வீட்டுப் பொய்த் துணி, நான் போட்ட சுழி, அது என் அக்கா வீடு என்பது உட்பட. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப துணி சாட்சி கிடையாதுன்னு ஆயிடுச்சு," என்றார். "விளக்குச் சந்துத் துணியை நம்பக் கூடாதுன்னா வளைவுச் சந்துல நாளைக்குத் தொங்கப்போற துணியை மட்டும் எப்படி நம்பறது? உங்க அக்காங்கறதால சொல்லல. ரெண்டு சந்தையும் நீலமாக்கினா இந்த மேட்டுல குடியிருக்கற ஆளே இருக்க மாட்டாங்க. ரெண்டையும் மஞ்சளாக்கினா வர்றவங்க தங்க இடம் இல்லாம பழையபடி கூரையெல்லாம் ஒழுகும். ஊருன்னா ரெண்டும் வேணும். எது எங்கேன்னுதான் எனக்குத் தெரியணும்." அவர் பேனாவை மூடினார். "வியாழக்கிழமை கடைசி நாள். பதினோரு மணிக்கு நானே வர்றேன்."

அன்று சாயங்காலம் அக்காவிடம் கெஞ்சினேன். வியாழக்கிழமை மட்டும் வெளியே காயப்போடு, சந்தில் எல்லாரிடமும் சொல்லு, ஒரே ஒரு நாள்.

"சொட்டச் சொட்டத் தொங்கவிட்டுக் காட்டணுமா?" என்றாள் அக்கா. "அப்ப எனக்கும் அந்தப் பூவாளிக்காரனுக்கும் என்ன வித்தியாசம்? நான் என் வீட்டுல இருக்கேன்னு ஊருக்குப் படம் காட்டணுமா?"

"உன் ரோஷம் பெரிசா, மாமா பெரிசா?"

சொன்ன மறுநிமிடமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்காவின் கண் நிறைந்துவிட்டது. அவள் அழுது நான் பார்த்தது ரொம்பக் குறைவு. மாமாவின் முதல் நாள் இயந்திரத்துக்குக்கூட அவள் அழவில்லை.

"சுழி போட்டவ நீ. என்கிட்ட வந்து ரோஷத்தைப் பத்திப் பேசாத. கிளம்பு."

மாமா உள்ளேயிருந்து, "தங்கச்சியைச் சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லு. சண்டையை வெறும் வயித்துல போடக் கூடாது," என்றார். யாரும் சிரிக்கவில்லை. படியிறங்கும்போது எதிர் ஜன்னலைப் பார்த்தேன். ரொட்டிக்காரம்மா வீடு. இருட்டோடு எழுந்து அடுப்பு மூட்டி ரொட்டி சுட்டுக் கொடுத்துவிட்டு, காலை ஒன்பதுக்கு வந்து படுக்கிற பெண்மணி. அக்காவின் கொடியின் மறுமுனை மாட்டியிருப்பது அவள் சுவரில்தான். நாலு வருடம் முன்பு அக்கா துணியிலிருந்து சொட்டிய நீர் அவள் ஜன்னலோரம் ஆறவைத்த ரொட்டித் தட்டில் விழுந்தது. 'என் சுவத்துல இருந்து கொக்கியைப் பிடுங்கு' என்றாள் அவள். 'நீ பிடுங்கிப் பாரு' என்றாள் அக்கா. கொக்கியை யாரும் பிடுங்கவில்லை. பேச்சு மட்டும் அன்றோடு நின்றுபோனது.

வியாழக்கிழமை நான் தூங்கி எழுந்ததாகவே நினைவில்லை. பதினோரு மணிக்குச் சிவப்பு மையோடு வளைவின் கீழே நின்றேன். மேட்டின் நடுவில் ஒரு கல் வளைவு இருக்கிறது. அதன் கீழ் நின்றால் இடப்பக்கம் விளக்குச் சந்து, வலப்பக்கம் வளைவுச் சந்து, இரண்டும் முழுதாகத் தெரியும். வானம் சாம்பலாக இறங்கி வந்திருந்தது. பயணிகள் சிலர் எங்களோடு வளைவுக்குள் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நானும் பார்த்தேன். வளைவுச் சந்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை துணி. விரிப்புகள், சட்டைகள், கிழிந்த துண்டுகள், பள்ளிச் சீருடைகள், யாரோ ஒருவருடைய மிகப் பெரிய கால்சட்டை. ஈரக்காற்றில் அத்தனையும் மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. பன்னிரண்டாம் எண்ணில் மாமாவின் விரிப்புகள் இரண்டு, நடுவில் அந்த ஊதா நைட்டி. என்னைத் திட்டி அனுப்பிவிட்டு, அவள் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறாள். 

சிவப்பு மை தாளை விரித்தார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். "ரெண்டும் ஒரே மாதிரிதாம்மா இருக்கு," என்றார். "இதுவும் இன்னைக்குன்னு போட்ட ஜோடனை இல்லன்னு நான் எப்படி எழுதறது?"

அவர் சொன்னது நியாயம்.  பயணி ஒருவர் ஊதா நைட்டியைப் படம் எடுத்தார். சிவப்பு மை பேனாவின் மூடியைத் திருகினார்.

முதல் துளி காற்றில் சாய்ந்து வந்து அவர் தாளில் விழுந்தது. அடுத்தது கல்லில். பிறகு ஒரேயடியாகக் கொட்டியது.

வலப்பக்கம் ஒரு ஜன்னல் படாரென்று திறந்தது. அடுத்தது இன்னொன்று. சந்து முழுவதும் தாழ்ப்பாள் சத்தம். சோப்பு நுரையோடு இரண்டு கைகள் வெளியே நீண்டு ஒரு விரிப்பை வாரிக்கொண்டன. வழுக்கைத் தலை ஒன்று எட்டிப்பார்த்து வானத்தைத் திட்டியது. கொக்கிக் கழிகள் நீண்டன. "ஏய், சீருடையை எடு முதல்ல!" என்று யாரோ கத்தினார்கள். "நாளைக்கு எதைப் போட்டுட்டுப் போவான்?" கொடிகள் குலுங்கின, கப்பிகள் கிறீச்சிட்டன, கிளிப்புகள் கல்லில் சிதறின.

இடப்பக்கம் மூன்று ஜன்னல் திறந்து மூடியது. அவ்வளவுதான். மற்ற ஒன்பது கொடிகளிலும் மஞ்சள் சட்டையும் சிவப்புப் பாவாடையும் மழையில் அமைதியாக நனைந்துகொண்டு தொங்கின. வாசலில் பூவாளிக்காரன் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். அன்று அவனுக்கு வேலை மிச்சம்.

சிவப்பு மை எண்ண ஆரம்பித்தார். பேனா நுனி ஒவ்வொரு ஜன்னலாக நகர்ந்தது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். ஏழு. எட்டு. மாடி வீடு ஒன்பது. கடைசியாக ரொட்டிக்காரம்மா. தலை கலைந்து, தூக்கம் கலைந்த கோபத்தோடு தன் இரண்டு துண்டை இழுத்துக்கொண்டு ஜன்னலை மூடினாள். பத்து.

பத்தோடு நின்றது. பன்னிரண்டாம் எண் மட்டும் நனைந்துகொண்டிருந்தது. அக்கா மணிக்கூண்டில். மாமா ஆஸ்பத்திரியில். வீடு பூட்டிக் கிடக்கிறது. மாமாவின் விரிப்பில் தண்ணீர் வழிந்தது, ஊதா நைட்டி கனத்துத் தொங்கியது. மாற்றுச் சாவி என்னிடம் உண்டு, நான் ஓடிப்போய் எடுக்கலாம். எடுத்தால் அது சாட்சியாகாது. இரண்டாவது தடவையாக அந்த வீட்டுக்கு நேரே என் கண்முன்னால் சுழி விழப்போகிறது. "அது வேலைக்குப் போற வீடு சார்," என்று சொல்ல வாயெடுத்தேன்.

ரொட்டிக்காரம்மாவின் ஜன்னல் மறுபடி திறந்தது. முதலில் கழி வந்தது. பிறகு அவள் பாதி உடம்பு. கொக்கியை அக்காவின் கொடியில் மாட்டி இழுத்தாள். விரிப்பு ஒன்று, விரிப்பு இரண்டு. முணுமுணுத்துக்கொண்டே உருவினாள். ஊதா நைட்டி நடுவில் சிக்கிக்கொண்டது. அவள் இன்னும் எக்கி, இரண்டு வசவு வைத்து, அதையும் இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"யார் வீட்டுத் துணிங்க அது?" சிவப்பு மை மழையைத் தாண்டிக் கத்தினார்.

"யார் வீடா இருந்தா உனக்கு என்னய்யா?" என்றாள் அவள். "அவ டிக்கெட் கிழிக்கப் போயிருக்கா. அந்த மனுஷன் மிஷின்ல படுத்திருக்காரு. வந்ததும் போத்திக்க வேற விரிப்பு கிடையாது அவருக்கு. குளிர்ல நடுங்கிட்டே வருவாரு. நின்னு வேடிக்கை பாக்குறியே, ஓடி வந்து ஒரு கை கொடுத்தா என்ன?"

"உங்களுக்கு அவங்க சொந்தமா?"

"சொந்தமா? அவளோட நான் பேசறதே இல்ல!" ஜன்னல் அறைந்து மூடிக்கொண்டது.

சிவப்பு மை வெகுநேரம் மூடிய ஜன்னலையே பார்த்தார். பிறகு தாளை முதுகால் மழைக்கு மறைத்துக்கொண்டு எழுதினார். ஈரத்தில் மை பரவியது. எட்டிப் பார்த்தேன். பதினொன்று.

"பூட்டின வீடுதான்," என்றார், என்னைப் பார்க்காமலே. "ஆனா ஆள் வருவாங்கன்னு இன்னொருத்தருக்குத் தெரியுதே. அது விடுதில நடக்காது." கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்பினார். "உங்க முறையில ஒரே ஒரு திருத்தம். வெயில் நாள்ல எண்ணாதீங்க."

நான் அங்கேயே வளைவின் சுவரில் சாய்ந்து அழுதேன். பயணி ஒருவர் கைக்குட்டை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

மழை விடுவதற்குள் கீழேயிருந்து அக்கா ஓடிவந்தாள். தோளில் டிக்கெட் பை அப்படியே தொங்கியது. கூண்டைப் பூட்டிவிட்டு, வரிசையை நிற்கவைத்துவிட்டு, துணியை எடுக்க வந்திருக்கிறாள். தன் கொடியைப் பார்த்தாள். காலி. என்னைப் பார்த்தாள்.

"பதினொண்ணுக்கா," என்றேன். "மஞ்சள்."

அவளுக்கு உடனே புரியவில்லை. "துணி எங்கடி?" என்றாள்.

நான் எதிர் ஜன்னலைக் காட்டினேன். அது திறந்தது. கழியின் நுனியில் ஒரு மூட்டை சந்தின் குறுக்கே மெதுவாக நீந்திக் கீழே இறங்கி வந்தது. மேலே ஊதா நைட்டி, ஒட்டு நன்றாகத் தெரிகிறபடி மடித்திருந்தது. வளைவிலிருந்து நாலைந்து பேர் படம் எடுத்தார்கள். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் மூட்டையை வாங்கினாள். விரிப்புகளை விரலால் தொட்டுப் பார்த்தாள். ஒன்று நனைந்திருந்தது, மற்றதில் அடுப்பின் சூடு இருந்தது. ரொட்டிக்காரம்மா அதற்குள் அதை அடுப்புமேல் பிடித்திருக்கிறாள்.  நாலு வருடத்துப் பேச்சும் வந்து அக்காவின் தொண்டையில் நிற்பது எனக்கே தெரிந்தது.

"ரெண்டு கிளிப்பு குறையுது," என்றாள்.

"எண்ணிப் பாக்கற புத்தி உன் தங்கச்சிக்கு மட்டும்தான்னு நெனச்சேன்," என்றது எதிர் ஜன்னல். "குடும்பத்துக்கே இருக்கா?"

அக்கா சிரித்தாள். அழுதுகொண்டேதான் சிரித்தாள். கீழே ஹாரன் கேட்டது. ஆஸ்பத்திரி வேன் ஏற்றத்தில் முனகிக்கொண்டு, சிதறிய கிளிப்புகளை நொறுக்கிக்கொண்டு, பன்னிரண்டாம் எண் வாசலில் வந்து நின்றது.

"முதல்ல என்னை இறக்குங்க," என்றார் மாமா, வெளுத்த முகத்தோடு. "அப்புறமா மூணு பேரும் சேந்து கிளிப்பு தேடுங்க."

அக்கா சூடான விரிப்பை அவர் தோளில் போர்த்தினாள். அவர் ஒரு கையை என்மேலும் ஒரு கையை அவள்மேலும் வைத்து இறங்கினார். வேன் படியிலிருந்து வாசல்படிக்கு நாலு அடி. நான் வாய்விட்டே எண்ணினேன்.